ஒய் என்றால் சொந்தக்காரர்

கண்ணியம் மிக்க மொஹ்சின் மச்சான் அவர்களுக்கு, அனகாபுத்தூரிலிருந்து உங்கள் தங்கை பரிதாவின் வீட்டுக்காரன் ஷாகுல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் துஆவால் இங்கு எல்லோரும் நலம். என் முட்டி மட்டும் எந்த துஆவுக்கும் கட்டுப்படவில்லை. உங்கள் சர்க்கரை, ஜவுளிக்கடை வியாபாரம், புதிதாக மாட்டிய ஏசி மூன்றும் அளவோடு ஓட வேண்டுகிறேன்.

நேரில் வந்து பேசலாம்தான். ஆனால் உங்கள் கடை வாசலில் நான் கால் வைத்தால் என்ன ஆகும் என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. போனில் பேசலாமென்றால் அன்று சாயங்காலத்திலிருந்து என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். ஆகவே பரிதா கொடுத்தனுப்பும் டிபன் கேரியரின் மேல் தட்டில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறை இருந்தால் அது இறால் வறுவல், என் கண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம்.

போன மாதம் குன்றத்தூர் மண்டபத்தில் அயூப் மகள் நிக்காஹ் சாப்பாட்டில், "லீவுக்கு அனமை நம்ம கடைக்கு அனுப்புங்க மச்சான், பக்ரீத் கூட்டத்துக்கு ஆள் வேணும்" என்று கேட்டீர்கள். நானும் "அவ உங்க கடைக்குத்தான், வேற எங்க போவா?" என்று நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தேன். தட்டில் நீங்கள் அள்ளி வைத்த கறி அப்படிப் பேசவைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னால், பிளஸ் ஒன் பரீட்சை முடித்த என் ஒரே மகள் அனம், "கம்பேர் பண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன் அத்தா" என்கிறாள். அவளுடைய பிளஸ் டூ டியூஷன் ஃபீஸை அவளே சம்பாதிக்கப் போகிறாளாம். அப்பனின் வருமானத்தில் அவ்வளவு நம்பிக்கை.

கம்பேர் என்றால், நாம் இரண்டு சட்டையைத் தூக்கிப் பார்ப்போமே, அப்படி என்று நினைத்தேன். அவளோ காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் அல்ஜிப்ரா போட ஆரம்பித்தாள். எனக்கும் அல்ஜிப்ராவுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் ஸ்ரீரங்கன் சார் போர்டில் எக்ஸ் என்று எழுதி, "இதோட மதிப்பு என்னடா?" என்று கேட்டார். "நீங்கதானே சார் எழுதுனீங்க, உங்களுக்கே தெரியாதா?" என்றேன். அன்று வகுப்புக்கு வெளியே நின்றவன்தான், அப்படியே நடந்து வந்து பைக் சீட் கவர் தைக்க உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

உங்கள் கடைக்கு அவள் எழுதியது: மாதம் ஐயாயிரம், அதோடு விற்கிற ஒவ்வொரு உருப்படிக்கும் பத்து ரூபாய் கமிஷன். விற்பது எக்ஸ் உருப்படி என்றால் 5000 + 10x. அஸ்தினாபுரத்தில் சாவித்ரி டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்கு நடத்தும் சம்மர் கிளாஸுக்கு: மணிக்கு எண்பது ரூபாய், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், மாதம் இருபத்தாறு நாள். 8320, எக்ஸ் தொல்லையே இல்லை. மூன்றாவதாக நானும் பெருந்தன்மையோடு என் கடையில் வேலை தருவதாகச் சொன்னேன். அதற்கு 0x என்று எழுதி, "இதுல எக்ஸுக்கு என்ன போட்டாலும் ஒண்ணுதான் அத்தா" என்றாள். பரிதா அடுப்படியில் சிரித்தது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

என் வாக்கைக் காப்பாற்ற நானும் சும்மா இருக்கவில்லை. "அஸ்தினாபுரம் தூரம்மா, பஸ் செலவைக் கழி" என்றேன். "லேடீஸுக்கு ஃப்ரீ அத்தா." என் கணக்கில் அரசாங்கமே மண்ணைப் போட்டுவிட்டது. "மாமா பாசத்தை ஒரு இசட்டா போட்டுக் கூட்டு" என்றேன். "இசட்டுக்கு யூனிட் என்ன, கிலோவா லிட்டரா?" என்று கேட்டாள். உங்கள் பாசத்தை எதில் அளப்பது என்று எனக்கும் தெரியவில்லை மச்சான், இதுவரை கையில் கொடுத்துப் பார்த்ததில்லையே.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். எக்ஸ் 332 ஆனால் இரண்டு வேலையும் சமம், அதாவது ஒரு நாளைக்குப் பதின்மூன்று உருப்படி. நான் குதித்தேன். மச்சான் கடையில் பதின்மூன்று சுடிதார் காலை டீக்கு முன்னாலேயே போய்விடுமே! "போகும். ஆனா அதுல ஒய் எத்தனை?" என்றாள். அது யாரம்மா புதிதாக என்று கேட்டேன். "சொந்தக்காரங்க."

உங்கள் கடையில் வேலை பார்க்கும் ஏஞ்சல் அவளுக்கு எல்லா ரூல்ஸும் சொல்லியிருக்கிறாள். சொந்தம் என்று டிஸ்கவுண்ட் கொடுத்த உருப்படிக்குக் கமிஷன் கிடையாதாம். போதாததற்கு, வந்தவர் யாருக்குச் சொந்தமோ அவர் தலையில் டீ செலவு, பன்னிரண்டு ரூபாய். இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கத் தெரிந்த நீங்கள் எப்படி வெறும் ஜவுளிக்கடையோடு நின்றுவிட்டீர்கள்? அனம் எழுதியது: 5000 + 10(x − y) − 12y. அடைப்புக்குறியைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும், "அவ்ளோ சொந்தம் யாருடி வரப்போறா? நானே போய் எண்ணிட்டு வரேன்" என்று சவால் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். சாயங்காலம் நாலு மணிக்கு, குரோம்பேட்டையில் உங்கள் கடைக்கு எதிரே ஜூஸ் கடையில், கையில் நோட்டோடு மறைந்து நின்றேன். என் உடம்பு சாத்துக்குடி மெஷினுக்குப் பின்னால் எவ்வளவு மறையுமோ அவ்வளவு மறைந்தது. முதலில் பார்த்தது நிக்காஹ் விருந்து போட்ட அயூப். "இன்னா மச்சான், இங்க நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க, உங்க மூஞ்சிக்கு இன்னும் பத்து பர்சென்ட் கொறைப்பாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தான். நான் உள்ளே இருப்பதாக அவன் பேமிலி குரூப்பில் போட்டோவும் போட்டுவிட்டான். அப்புறம் பம்மல் பெரியம்மா, அவர் சம்பந்தி, இதுவரை நான் பார்த்தே இராத அந்தச் சம்பந்தியின் கொழுந்தனார் என்று வரிசையாக வந்து, "ஷாகுல் பாய் சொன்னாரு" என்று ஏஞ்சலிடம் டிஸ்கவுண்ட் வாங்கினார்கள். நான் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் சலாம் சொல்லவே நேரம் போதவில்லை.

சாயங்காலத் தொழுகை இரண்டையும் முடித்துவிட்டு நீங்கள் ஏழு மணிக்குத் திரும்பியபோது பார்த்த கூட்டம் அதுதான். மூன்று மணி நேரத்தில் பத்தொன்பது உருப்படி, அதில் பதினாலு சொந்தம். டிஸ்கவுண்டுக்கு நான்தான் ஆள் திரட்டினேன் என்று எல்லோர் முன்னாலும் நீங்கள் கத்தியபோது, அந்தப் பதினாலு டீக்கும் என் பாக்கெட்டிலிருந்துதான் கொடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் நோட்டை நீட்டினேன். அனம் ஒரே வரியில் போட்டாள்: ஐந்து உருப்படிக்கு ஐம்பது, டீக்கு நூற்று அறுபத்தெட்டு. அன்றைக்கு அவள் அங்கே வேலை பார்த்திருந்தால் மூன்று மணி நேரத்துக்கு நூற்றுப் பதினெட்டு ரூபாயைச் சம்பளத்திலிருந்து அவளே தண்டம் அழுதிருப்பாள்.

ஆகையால் மச்சான், அனம் வரமாட்டாள். மண்டபத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் குனிந்த தலையோடு இதை எழுதுகிறேன். கணக்கு அவள் பக்கம், ரூல்ஸ் உங்கள் பக்கம், அசடு வழிவது என் பக்கம். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், பிள்ளை மேல் வேண்டாம். இனி உங்கள் கடை இருக்கும் தெருவில் இந்த ஷாகுல் காலெடுத்து வைக்க மாட்டான். இது உறுதி.

ஷாயிஸ்தா அக்காவுக்கு எங்கள் சலாம். உங்கள் கல்லாவிலும் வீட்டிலும் அல்லாஹ் பரக்கத்தைக் கொட்டுவானாக. டிபன் கேரியரைக் கழுவித் தந்தால் போதும், திருப்பி நிரப்ப வேண்டாம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மச்சான்
ஷாகுல்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அனம் பிடுங்கிப் படித்துவிட்டு, "வரமாட்டேன்னு யாரு சொன்னா? இந்த ரூல்ஸுக்கு வரமாட்டேன்னுதான் சொன்னேன்" என்கிறாள். டிஸ்கவுண்ட் உருப்படிக்கும் கமிஷன், டீ செலவு கடையோடது, இந்த இரண்டுக்கும் நீங்கள் சரி என்றால் திங்கட்கிழமை வந்துவிடுவாளாம். அப்போது ஒய் கழியாது, எல்லோரும் எக்ஸில் சேர்ந்துவிடுவார்கள், சொந்தம் வர வர அவளுக்கும் லாபம், உங்கள் சரக்கும் காலி. சொந்தத்தை வரவழைக்க ஒரு ஏற்பாடும் எழுதியிருக்கிறாள்: தினமும் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை அத்தா எதிர் ஜூஸ் கடையில் நிற்க வேண்டும். என் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். அதே காலண்டர் தாளைத் திருப்பி, 0x-ஐ விரலால் தொட்டுக் காட்டினாள்.