நான் விழாவுக்கு வராததற்கான காரணங்கள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் என் தங்கையும் நலமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் எதுவுமில்லை.

மருத்துவர்களுக்கான பாராட்டு விழாவில் உங்களைக் கௌரவிக்கிறார்களாம். அழைப்பிதழில் என்னையும் போட்டிருக்கிறார்கள்: ‘குணமடைந்த நோயாளி, ஐந்து நிமிடம்.’ இரண்டு எம்.ஏ. முடித்த கல்லூரி நூலகர் நோயாளியாம்!

வரமாட்டேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், சாப்பாட்டு மேசையில் நான் காய்ச்சலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, "மச்சான், நீங்க எத்தனை புத்தகம் படிச்சாலும் நுரையீரலுக்கு அது தெரியாது" என்றீர்கள். பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். அதனால்தான் அண்மையில் இருமலும் காய்ச்சலும் வந்தபோது உங்கள் வாசலை மிதிக்காமல் மூன்று வாரம் ஆவி பிடித்தேன். மூச்சை இழுத்தால் விலாவில் கத்தி இறங்கியது. இன்னும் கொஞ்சம் ஆவி பிடித்தேன். கடைசியில் நினைவு தப்பிக் கிடந்தவனை என் மனைவி கொண்டுவந்து சேர்த்த இடம் உங்கள் ஆஸ்பத்திரி. கண் விழித்தால் நீங்கள் என் முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வெறுங்குடமாக ஒலிக்க வேண்டிய இடம் நிறைகுடமாகக் கிடந்ததாம்.

"நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவுல சீழ் கட்டியிருக்கு மச்சான். மருந்து மட்டும் போதாது, குழாய் வச்சு வடிக்கணும்."

"வேற டாக்டர் கிட்டயும் கேக்கணும்."

"மூச்சு விட முடிஞ்சதும் கேளுங்க."

இதுவா மரியாதை? பிறகு பதினோரு நாள், விலாவில் குழாய், குழாயின் முனையில் பாட்டில், பாட்டிலைக் காவல் காத்தபடி நான். பாட்டில் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் திட்டு வேறு. அங்கே எத்தனையோ டாக்டர்கள் இருக்க, தினமும் நீங்களே வந்தீர்கள். அதுவும் வெள்ளைக் கோட்டு இல்லாமல், கசங்கிய சட்டையோடு. பாட்டிலில் எவ்வளவு வடிந்தது என்று பார்ப்பது, நாற்காலியில் உட்கார்ந்து என் செய்தித்தாளை எனக்கு முன்பே படிப்பது. பெரிய மருத்துவர் நடந்துகொள்ளும் விதமா இது?

ஆகவே மன்னிக்கவும். தங்கைக்கு என் ஆசிகள். உங்களுக்கும், முறை என்பதால்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் தங்கை வந்தாள். குழாய் வைத்த மறுநாளிலிருந்து நீங்கள் விடுப்பில் இருந்தீர்களாமே? முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதாது.