கண்ணாடிக்கு முதுகு கொடுத்தவன்

சுபாங்கனுக்கு முதுகு வெடித்துவிடும் போலிருந்தது. முன்பு டண்டினோங் வெயார்ஹவுஸில் டைல்ஸ் பெட்டி தூக்கிய முதுகுதான். ஆனால் எந்தப் பெட்டியும் அவனை அசையாமல் இருக்கச் சொன்னதில்லை.

காலையில் தொடங்கிய வினை இது. மெல்பேர்ன் ஆய்வுகூடமொன்றின் மேசையில், ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் பெருங்கருவியின் சின்ன மாதிரி இருந்தது. லேசர் பட்டுக் கண்ணாடியின் நடு சூடாகி, மயிரிழையிலும் குறைவாகப் புடைக்கும். அதற்கே ஒளி கெட்டுவிடும். திரையில் வட்டமாக விழவேண்டிய பொட்டு முட்டையாக விழுந்து கிடந்தது.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற அமைப்பிலிருந்து மதியம் ஆள் வருகிறது. பணம் கொடுத்தால் ஆய்வுகூட உதவியாளன் சுபாங்கனுக்கு இன்னொரு வருடம் வேலை. இல்லாவிட்டால் மறுபடி டைல்ஸ்.

"போய் கூட்டிட்டு வர்றேன். எதையும் தொடாதீங்க," என்று சொல்லிப் போனார் பேராசிரியர் வேதவல்லி.

தொட்டான்.

"ஆக்கள் வரேக்க முட்டையையே காட்டுறது? வீட்டிலயும் கிழிஞ்ச கதிரைக்குச் சீலை போட்டுத்தானே ஆக்களை இருத்துவம்," என்றான் மாணவி தர்சினியிடம்.

ஓரமும் சூடானால் நடுவோடு சமமாகும் என்று, கண்ணாடியைச் சுற்றியிருந்த சூட்டு வளையத்தின் சுவிட்சைப் போட்டான். சூடு கூடிவிட்டது. முட்டை மாங்காயானது.

"அண்ணா, குளிராக்குங்கோ!"

சாப்பாட்டுப் பையிலிருந்த ஐஸ் பொதியைக் கண்ணாடிக் கூட்டின் இடப்பக்கம் வைத்தான். அந்தப் பக்கம் சுருங்கியது. மாங்காய் கத்தரிக்காயானது.

"நீர் வெளியில நில்லும். மனிசர் ஒவ்வொருத்தரும் ஒரு ஹீட்டர்."

"அப்ப நீங்கள் என்ன, பிரிட்ஜோ?"

சுபாங்கன் யோசித்தான். ஐஸை எடுத்துவிட்டு, குளிர்ந்த பக்கத்தில் முதுகை ஒட்டிக் குந்தினான். கத்தரிக்காய் மெல்ல வட்டமானது. இருமினால் நெளிந்தது. இருமலையும் விழுங்கினான்.

கதவு திறந்தது. வேதவல்லியோடு பணம் கொடுக்கிற அமைப்பின் அதிகாரி லக்சிகா.

"ஐயோ, எந்திரிங்க சுபாங்கன்!"

"ஏலாது மேடம். எழும்பினால் கத்தரிக்காய்."

லக்சிகா திரையைப் பார்த்தாள். "சுப்பர் வட்டம்."

சுபாங்கன் வலியோடு சிரித்தான். வேதவல்லி தலையில் கைவைத்தார்.

"சூட்டால பொட்டு பழுதாகுது, அதைத் திருத்த வேணும் எண்டுதானே காசு கேட்டனீங்கள்?" லக்சிகா பையைத் தோளில் மாட்டினாள். "இங்க பழுதே இல்லையே, பிறகு என்னத்துக்குக் காசு? எங்களுக்கு நீங்கள் ஒரு பழுது கடன்."