குழாய்க்காரர் டாக்டரான வைபவம்

ஒரு மனிதனை டாக்டராக்குவதற்கு உலகம் இதுவரை கையாண்டுவந்த முறை மகா பிற்போக்கானது என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வருடக்கணக்கில் படி, பிணத்தை அறு, பரீட்சை எழுது, தூக்கத்தைத் தொலை என்று இளம்பிள்ளைகளை வாட்டி வதைத்து, கடைசியில் கையில் ஒரு காகிதத்தைத் திணித்து அனுப்பினார்கள். இணையம் என்னும் பெருங்கருணை வந்த பிறகே இந்தக் கொடுமைக்கு விடிவு பிறந்தது. இப்போது ஒருவர் டாக்டராவதற்கு முகம் இருந்தால் போதும். மீதியை அந்த முகம், உரியவருக்குத் தெரியாமல், தானே போய்ப் படித்துக்கொள்ளும்.

இந்தப் புரட்சியின் பலனை அனுபவித்தவர்களில் ஒருவர் நம் குழாய்க்காரர். அடைத்துக்கொண்ட தொட்டி, சொட்டும் குழாய், காற்று வாங்கும் மோட்டார், இவ்வளவுதான் அவர் அறிந்த உலகம். வயது நாற்பத்தாறு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிவாக்கில், ஓர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்திருந்த நிலையில், தாம் டாக்டராகிவிட்ட செய்தி அவருக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது.

"டாக்டர்," என்றார் அந்த வீட்டம்மாள், பயபக்தியுடன். "குழாய் கிடக்கட்டும், எழுந்திருங்க. என் முழங்காலைக் கொஞ்சம் பாருங்க."

குழாய்க்காரர் எழுந்த வேகத்தில் தொட்டியில் நெற்றியை இடித்துக்கொண்டார். "யாரும்மா டாக்டர்?"

"ஏங்க மறைக்கிறீங்க? அவ்வளவு பெரிய ஆளு, மனசு கேக்காம குழாய் வேலையும் பாக்குறீங்க. எனக்குப் புரியாதா?"

அம்மாள் தம் கைபேசியை நீட்டினார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், உதட்டில் உலகத்தின் வலியையெல்லாம் வாங்கிக்கொள்ளும் புன்னகை. "உலகப் புகழ் மூட்டு நிபுணர், நாற்பது ஆண்டு அனுபவம்" என்று கீழே எழுதியிருந்தது. கணக்குப் பார்த்தால் அவர் ஆறு வயதில் தொழிலுக்கு வந்திருக்க வேண்டும். அதற்கும் கீழே, "மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள்! எல்லா நோய்க்கும் எங்கள் ஒரே பொடி!" என்று சிவப்பு எழுத்து மின்னியது.

படத்தை அவருக்கு அடையாளம் தெரிந்தது. இரண்டு வருடம் முன்பு மொட்டை மாடியில் ஒரு தண்ணீர் டேங்கின் பக்கத்தில் அவரை நிற்கவைத்து மனைவி எடுத்தது. நன்றாக விழுந்திருக்கிறது என்று அவரே தம் இணையப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இப்போது டேங்க் இருந்த இடத்தில் ஒரு நூலகம் முளைத்திருந்தது. பைப் ரெஞ்ச் இருந்த கையில் முழங்கால் எலும்பு இருந்தது. தொப்பையைக்கூடக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். பெருந்தன்மைக்காரர்கள்!

அவருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரத்தான் பார்த்தது. ஆனால் அதற்குள் வீட்டம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதைத் துணியால் துடைத்தும் விட்டார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் எந்த வீட்டிலும் அவருக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. பின்பக்கமா வாங்க, செருப்பை வெளியிலேயே விடுங்க, சுவத்துல கை வைக்காதீங்க, இவைதான் அவர் கேட்டுப் பழகிய வரவேற்புகள். உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு முழங்காலைப் பார்க்காமல் இருப்பது மரியாதையில்லை.

"வாஷர் தேஞ்சிருக்கும்," என்றார், பழக்கதோஷத்தில்.

"அடேயப்பா! ஸ்கேன்லயும் அதையேதான் சொன்னாங்க!" என்று அம்மாள் கைகூப்பினார்.

இப்படியாக ஒரு வாரம் கழிந்தது. போன வீடெல்லாம் நாற்காலி. ஒரு வீட்டில் மின்விசிறியைக்கூட அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். நம் குழாய்க்காரர் அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. திருடு போன முகம் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறது, போய்க் கலைப்பானேன் என்று இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் தொட்டியே அடைத்துக்கொண்டது. அடியில் வளைந்திருந்த குழாயைக் கழற்றிக் குலுக்கினார். சுருட்டிய மாத்திரை அட்டைகள் நான்கு பொத்துப் பொத்தென்று வாளியில் விழுந்தன. அவருடைய மாமியாரின் பிரஷர் மாத்திரைகள்! ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

மாமியார் நடைவழியில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு நாளாகத் தலைசுற்றல் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் மருமகனுக்கு உறைத்தது.

"அத்தை, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? இதை ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா? கை கால் இழுத்துக்கும்னு சொன்னாரே?"

"அவர் சின்ன டாக்டர், மாப்பிள்ளை. பெரிய டாக்டரே வேண்டாம்னு சொல்லிட்டார்." மாமியார் கைபேசியைக் காட்டினார். நூலகம், எலும்பு, புன்னகை.

"அத்தை, இது நான்!"

மாமியார் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒரு சாயல் இருக்கு. இல்லைன்னு சொல்லல. ஆனா அவர் முகத்துல ஒரு படிச்ச களை இருக்கு பாருங்க."

"அம்மா, அது இவர்தான்மா," என்று மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். "நான்தானே எடுத்தேன்!"

"போடி. இருபது வருஷமா இவரைப் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

வேறு எவன் சொல்லியிருந்தாலும் குழாய்க்காரர் அவனை நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பார். சொன்னது தம் முகம். அதற்கு ஒரு வாரம் நாற்காலி வாங்கி உட்கார்ந்தவரும் தாம்தான். மாமியாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த முகத்தோடு மனைவியைப் பார்ப்பது என்று நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. வேறு முகமும் கைவசம் இல்லை.

மறுநாள் காலை பொடி நிறுவனத்தின் அலுவலகத்துக்கே போனார். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் வரவேற்பறைப் பெண் துள்ளி எழுந்து நின்றாள். அவள் பின்னால் ஆளுயர அட்டையில் அவரே நின்றுகொண்டிருந்தார். இரண்டு நிமிடத்தில் "வாடிக்கையாளர் மகிழ்ச்சி அதிகாரி" என்ற பெயர்ப்பலகை தொங்கும் அறைக்குள் அழைத்துப்போனார்கள். மகிழ்ச்சி அதிகாரி நல்ல மனிதர். அவர் சிரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"சார், நீங்க நிஜமாவே இருக்கீங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். "நாங்க நீங்க இல்லைன்னுல்ல நினைச்சிட்டு இருந்தோம்!"

"என் போட்டோவை ஏன் திருடினீங்க?"

"திருட்டுங்கிறது பெரிய வார்த்தை சார். அது இணையத்துல அநாதையாக் கிடந்தது. நாங்க தத்து எடுத்தோம். கோட்டு போட்டோம், நூலகம் கட்டிக் கொடுத்தோம், ஆளாக்கினோம்."

குழாய்க்காரர் தம் கைபேசியில் மூலப் படத்தைக் காட்டினார். டேங்க், பைப் ரெஞ்ச், தொப்பை எல்லாம் இருந்தன. அதிகாரி அதைப் பெரிதாக்கிப் பார்த்து வருத்தத்துடன் தலையாட்டினார்.

"எங்க டாக்டர் கையில யாரோ ரெஞ்சைச் சொருகியிருக்காங்க சார். இப்பல்லாம் எதை நம்புறதுன்னே தெரியல."

"யோவ், அது நான்யா! படத்தை எடுத்துடுங்க. அதை நம்பி எங்க அத்தை மாத்திரையை நிறுத்திட்டாங்க."

"எடுத்துடலாமே! இதென்ன பிரமாதம்?" அதிகாரி ஒரு படிவத்தை நகர்த்தினார். "அனுமதி ரத்துப் படிவம். இதுல நீங்க கொடுத்த அனுமதியோட எண்ணை எழுதுங்க."

"நான் அனுமதியே கொடுக்கலையே."

"அங்கதான் சார் சிக்கல். கொடுக்காத அனுமதியை எப்படி ரத்து பண்றது? சட்டம் இடம் கொடுக்கணும்ல? முதல்ல இந்தப் படிவத்துல அனுமதி கொடுங்க. உடனே எண் வந்துடும். அப்புறம் தாராளமா ரத்து பண்ணிக்கலாம்."

இந்த வாதத்தில் எங்கோ ஒரு கசிவு இருப்பது இருபத்திரண்டு வருட அனுபவஸ்தருக்குத் தெரிந்தது. எந்த இணைப்பில் என்பதுதான் பிடிபடவில்லை. கையெழுத்துப் போட்டார். அனுமதி எண் அக்கணமே வந்தது. ரத்து விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட அதிகாரி, "தொண்ணூறு வேலை நாள்ல முடிச்சிடுவோம்," என்று கைகுலுக்கினார். இதுநாள்வரை திருட்டாக இருந்தது அன்று பதினோரு மணியிலிருந்து ஒப்பந்தமாகிவிட்டது.

தொண்ணூறு நாள் மாமியார் தாங்க மாட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் முடிதிருத்தும் கடைக்காரரிடம் அவர் வேலையில் போடும் வெள்ளை மேலங்கியை இரவல் வாங்கினார். தோள்பட்டையில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. ஸ்டெதஸ்கோப்புக்கு, தரைமட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபில் இரண்டடி வெட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மனைவி மாடிப்படியில் நிற்கவைத்துப் படம்பிடித்தாள்.

"நான் பெரிய டாக்டர் பேசுறேன்," என்று தொடங்கினார். "பிரஷர் மாத்திரையை யாரும் நிறுத்தாதீங்க. நிறுத்தினவங்க இன்னிக்கே உங்க சின்ன டாக்டரைப் போய்ப் பாருங்க. அவர் சொல்றதுதான் சரி. பொடியைத் தொடாதீங்க. இதுக்கு மாறா நான் எங்கயாவது சொல்லியிருந்தா, அதை நானே சொல்லியிருந்தாலும் நம்பாதீங்க."

தம் கைபேசிக்கு வந்த வீடியோவை மாமியார் மூன்று முறை பார்த்தார். "பாத்தியாடி? என்ன அடக்கம்! சின்ன டாக்டரை மதிக்கிறார் பாரு," என்று கண்கலங்கினார். அன்று சாயங்காலமே மகளோடு சின்ன டாக்டரிடம் போனார். புது மாத்திரை அட்டை வந்தது. இரண்டு வாரத்தில் பிரஷர் இறங்கி, சுவரைப் பிடிக்காமல் நடந்தார். மருமகன் அந்த இரண்டு வாரமும் நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தாம் பெற்ற நன்மையை ஊருக்கும் கொடுக்க நினைத்த மாமியார், அந்த வீடியோவைப் பொடி நிறுவனத்தின் இணையப் பக்கத்திலேயே கொண்டுபோய்ப் போட்டார். ஒரு அம்மாள் "நானும் நிறுத்தியிருந்தேன், நாளைக்கே டாக்டர்கிட்ட போறேன்" என்று எழுதினார். இன்னொருவர் "நானும்" என்றார். மூன்றாமவர் எழுதி முடிப்பதற்குள் வீடியோ காணாமல் போனது. நாலே நிமிடம். மாமியாரின் கைபேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியாமல் மருமகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

"'எங்கள் மருத்துவரின் உருவத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியதால் இந்தப் பதிவு நீக்கப்பட்டது,'" என்று படித்தார் குழாய்க்காரர்.

"ஐயையோ! நம்ம டாக்டர் முகத்தை எவனோ திருடிட்டானா?"

"ஆமா அத்தை. நான்தான்."

உள்ளே போய் அந்த மேலங்கியை மாட்டிக்கொண்டு, டியூபைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மாமியார் நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப மாத்திரை போடச் சொன்னது?"

"நான்."

"பொடி சாப்பிடச் சொன்னது?"

"அது நான் இல்ல அத்தை. அது என் முகம்."

மாமியார் அன்றைய மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியை மருமகன் பக்கம் தள்ளினார். "உக்காருங்க மாப்பிள்ளை," என்றார். "கழுத்துல இருக்கறதைக் கழட்டுங்க, அசிங்கமா இருக்கு."

இணையத்தின் நேர்மையை இனியும் சந்தேகிப்பவர்கள் இருந்தால் அவர்கள் நன்றி கெட்டவர்கள். அந்த முகம் நாடு நாடாகப் போய்ப் பொய் சொல்லிக்கொண்டிருந்தவரை அது யாருடைய முகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை உண்மை சொன்னது. திருட்டை நாலே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.