தொண்ணூற்று நான்கு நாள் சொட்டு

"கோட்டை ஒரு தடவை மாட்டினா மாட்டினதுதான். போறப்பதான் எடுத்துத் தருவேன்" என்றாள் வாசலில் கோட்டு வாங்கி வைக்கும் அம்மாள்.

"கோட்டு வேண்டாங்க. அதோட பையில என் கண்ணாடி இருக்கு. அதை மட்டும்..."

"உங்க ஒருத்தருக்காக நாப்பத்தேழு கோட்டை நகர்த்தணும். சும்மா உள்ள போங்க. கண்ணாடி போட்டுப் பார்த்தவங்களுக்கே இங்க ஒண்ணும் புரியல."

புரோகோர் யெலிசாரிச் கண்ணாடி இல்லாமலே உள்ளே திரும்பினார். வீட்டில் வாய் திறந்தால் மூடாதவர், இந்த நவீன ஓவியக்கூடத்துக்குள் கால் வைத்ததிலிருந்து கெஞ்சல் குரலில்தான் பேசினார். பூட்ஸின் மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் குடியிருப்பு அலுவலகத்தில் குழாய் ரிப்பேர்க்காரர். வெந்நீர்க் குழாய் வெடித்த நிலவறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சாதாரணமாக சிகரெட் கேட்ட மனுஷன். அப்படிப்பட்டவருக்கு இன்று உள்ளே போகவே பயம்.

காரணம், ரிம்மா லவோவ்னா.

அவருடைய ஒரே மகள் தாஸ்யா கட்டிக்கொள்ளப் போகும் கிளேப் என்ற பையனின் அம்மா அவர். பெரிய கலைஞர். பத்திரிகையில் படம் வருகிற ஆள். கிளேப் தங்கமான பையன்தான், ஆனால் அம்மா சொல்லாமல் சட்டையைக்கூட மாற்ற மாட்டான். இலையுதிர் காலத்தில் அவர்கள் வீட்டு விருந்துக்குப் போனபோது நடந்தது இது. பீட்ரூட் சூப்பு பாதி குடித்துக்கொண்டிருக்கையில், கழிவறைத் தொட்டியில் 'ஸ்ஸ்ஸ்' என்று தண்ணீர் ஒழுகும் சத்தம் இவர் காதில் விழுந்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை. எழுந்தார், கையை மடித்தார், போய்ச் சரி செய்துவிட்டார். திரும்பினால், வாசலில் ரிம்மா லவோவ்னா கையில் கரண்டியோடு நின்றிருந்தார். இவரையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு நாலு மாசமாக அழைப்பே கிடையாது. நேற்றுத்தான் திடீரென்று போன்: "என் கண்காட்சிக்கு வாங்க. பார்த்துட்டு, அங்கேயே டீ குடிச்சுக்கிட்டு கல்யாணத் தேதியைப் பேசிடலாம்."

"பார்த்துட்டு" என்ற சொல்தான் அவரை ராத்திரி பூராவும் தூங்கவிடவில்லை. பார்த்துவிட்டு என்ன சொல்ல வேண்டுமாம்? அது பரீட்சையேதான். அவர் மனைவி ரயீசா காலையில் கண் படாமலிருக்கச் சட்டையின் உள்பக்கம் ஒரு ஊக்கைக் குத்தி அனுப்பினாள். "உங்களை யார் பார்த்துக் கண்ணு போடப் போறா? இருந்தாலும் இருக்கட்டும்" என்றாள்.

கூடத்தில் காத்திருந்த தாஸ்யா அப்பாவின் கழுத்துப் பட்டியைச் சரி செய்தாள். "அப்பா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். ரெண்டு கையையும் பாக்கெட்டுலயே வச்சுக்கோங்க. எதையும் தொடாதீங்க. குழாயைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. நான் போய் அவங்களைக் கூட்டிட்டு வரேன். மாடியில டி.வி.காரங்ககிட்டப் பேசிட்டிருக்காங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம். இருபது நிமிஷம் சும்மா இருக்க முடியாதா உங்களால?"

"முடியும் முடியும். என்னைக் குழந்தைன்னு நெனச்சியா?"

முதல் அறையில் கறுப்பாக என்னமோ தொங்கியது. இரண்டாவதில் ஆணிகள். எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். கையைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, கயிற்றிலிருந்து இரண்டு முழம் தள்ளியே நடந்தார். பத்து நிமிஷம் உத்தமமாகக் கழிந்தது. தன்னை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மூன்றாவது அறையில்தான் அந்தச் சத்தம் கேட்டது.

டொக்.

அறை நடுவில் ஒரு சமையலறை. எட்டுக் குடும்பம் சேர்ந்து புழங்கும் பழைய பொது வீட்டுச் சமையலறையை அப்படியே பெயர்த்து வைத்திருந்தார்கள். பச்சை எண்ணெய்ப் பெயின்ட் அடித்த சுவர், எட்டு விளக்கு, எட்டு சுவிட்சு, ஒரு முக்காலி, பித்தளைக் குழாய், அதன் கீழே விளிம்பு பெயர்ந்த எனாமல் தொட்டி. புரோகோர் யெலிசாரிச் பிறந்து வளர்ந்தது இப்படிப்பட்ட வீட்டில்தான். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. குழாய் சொட்டுகிற சத்தம் யார் காதில் முதலில் விழுகிறதோ, அவர்தான் எழுந்து போய் மூட வேண்டும். மூடாதவனை எட்டுக் குடும்பமும் ஒரு வாரம் திட்டும்.

டொக்.

வாசலோரம் நாற்காலியில் அறைக்காவல் அம்மாள் ஃபாயினா மகாரொவ்னா மடியில் பின்னல் ஊசிகளோடு கண்ணை மூடியிருந்தார். சுவரில் ஒரு வெள்ளை அட்டை. கண்ணாடி இல்லாததால் அதில் எழுத்துக்குப் பதில் எறும்பு ஊர்ந்தது. இங்கே கயிறும் கட்டவில்லை.

டொக்.

அவர் மூளை 'வேண்டாம்' என்று சொல்லி முடிப்பதற்குள் கை பாக்கெட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. கட்டைவிரலால் ஒரு அழுத்து, கால் வட்டத் திருப்பு. சத்தம் நின்றது.

'அப்பாடா' என்று மூச்சு விட்டார். அப்போதுதான் போன் அடித்தது.

"அப்பா, மூணாவது ரூமுக்குப் போயிட்டீங்களா?" தாஸ்யாவின் குரலில் ஒரே பூரிப்பு. "அங்க ஒரு குழாய் இருக்காம். அதுதான் ரிம்மா லவோவ்னாவோட முக்கியமான படைப்பாம். நானும் இன்னும் பார்க்கல. தொண்ணூத்தி நாலு நாளா ஒரு நிமிஷம்கூட நிக்காம சொட்டுதுன்னு கிளேப் சொல்றான். டி.வி.காரங்க அதைத்தான் படம் எடுக்கப் போறாங்க. கிளம்பிட்டோம், வந்துடறோம்."

புரோகோர் யெலிசாரிச் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுக் குழாயைப் பார்த்தார்.

தொண்ணூற்று நான்கு நாள். போயிற்று. மகள் கல்யாணத்தைக் கால் திருப்பில் முடித்துவிட்டார்.

பரவாயில்லை, திறந்தால் சொட்டிவிட்டுப் போகிறது என்று திறந்தார். சொட்டவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தார். விரல் தடிமனுக்குத் தண்ணீர் கொட்டியது. மூடினார். நின்றது. திறந்தார். கொட்டியது. சொட்டுவது என்பது குழாய்க்கு வருகிற வியாதி. முப்பத்தோரு வருஷம் அந்த வியாதியைக் குணப்படுத்தியே பழகியவருக்கு அதை வரவழைக்கத் தெரியவில்லை. உள்ளேயிருக்கிற வாஷர் தேய்ந்திருக்கும், இவர் அழுத்திய அழுத்தில் அது போய்ச் சரியாக உட்கார்ந்துவிட்டது.

"சொட்டித் தொலையேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று குழாயிடம் முணுமுணுத்துக்கொண்டே பலமாக ஒரு திருப்பு திருப்பினார். கைப்பிடி கழன்று கையோடு வந்தது. தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது.

தொட்டி நிறைய ஆரம்பித்தது. உள்ளங்கையால் குழாய் வாயை அடைத்தார். தண்ணீர் பக்கவாட்டில் பீச்சி எட்டு சுவிட்சையும் நனைத்தது. அறைக்காவல் அம்மாளைப் பார்த்தார். அவர் கண் இன்னும் மூடியே இருந்தது. தெய்வம்தான் தூங்க வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சுவர்ப் பலகைக்குப் பின்னால் அடைப்பு வால்வு இருக்கும். இருக்கிற இடம் அவருக்குத் தெரியாதா? கையை நீட்டி, தடவி, முழு பலத்தோடு மூடினார். தண்ணீர் நின்றது. இங்கே மட்டும் நின்றிருந்தால் தேவலை.

"யோவ், காபி மிஷினுக்குத் தண்ணி வரல!" என்று நடைவழியில் யாரோ கத்தினார்கள். கழிவறைப் பக்கமிருந்து ஒரு பெண், கையெல்லாம் சோப்போடு நிற்கிறேன் என்று முறையிட்டாள். அவர் மூடியது கட்டிடத்துக்கே தண்ணீர் கொடுக்கும் வால்வு. மறுபடி திறக்கலாமென்றால் துருப்பிடித்த பிடி அசைய மாட்டேன் என்றது.

அவருக்கு வியர்த்து வழிந்தது. ஓடிவிடலாமா என்று நினைத்தார். ஓடினால் கோட்டு? நாற்பத்தேழு கோட்டைத் தள்ளி எடுக்க அந்த அம்மாளுக்கு அரை மணி ஆகும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. கோட்டில்லாமல் பஸ் நிறுத்தம் வரை போவதற்குள் விறைத்துவிடுவார். விறைத்தால் தேவலை என்றும் ஒரு கணம் தோன்றியது. அப்புறம் தாஸ்யாவின் முகம் ஞாபகம் வந்தது. அப்பாவால் அவள் அந்த வீட்டில் தலைகுனிந்து நிற்க வேண்டாம், இந்தச் சொட்டை எப்படியாவது சொட்ட வைத்துவிட வேண்டும்.

அப்போதுதான் காலைப் பார்த்தார்.

இடது பூட்ஸிலிருந்த நீல உறையைக் கழற்றினார். தொட்டியில் முக்கித் தண்ணீர் மொண்டார். முக்காலி மேல் ஏறி, உறையின் ரப்பர் வாயைக் குழாயில் மாட்டித் தொங்கவிட்டார். சட்டைக்குள் கைவிட்டு, ரயீசா குத்திய ஊக்கை எடுத்து, அடியில் ஒரே ஒரு குத்து.

டொக்.

அழுகை வந்துவிட்டது அவருக்கு. கொஞ்சம் வேகமாகச் சொட்டியது, நீலமாகப் பன்றிக் காது மாதிரி தொங்கியது, ஆனாலும் சொட்டுச் சொட்டுதான்.

ரப்பர் வழுக்கியது. கையை எடுத்தால் விழுந்துவிடும். பிடித்துக்கொண்டே நின்றார். ஒரு பையனும் பெண்ணும் உள்ளே வந்தார்கள். முக்காலி மேல் ஒரு காலில் உறையும் ஒரு காலில் வெறும் பூட்ஸுமாக, தண்ணீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கிழவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நிஜ ஆளா?" என்றாள் அவள்.

"இருக்காது. ஆனா அந்த வியர்வையைப் பாரேன், என்ன வேலைப்பாடு" என்றான் அவன். கிட்டே வந்து மூக்குக்கு நேரே போனை நீட்டிப் படமெடுத்தான். புரோகோர் யெலிசாரிச் கண்ணிமைக்கவில்லை. மூச்சும் விடவில்லை. "சோகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

காலடிச் சத்தம் கேட்டது. ரிம்மா லவோவ்னா முன்னால், பின்னால் கிளேப், தாஸ்யா, தோளில் கேமராவோடு ஒரு ஆள். நாலு பேரும் வாசலில் நின்றுவிட்டார்கள்.

டொக், என்றது நீலப் பை.

"அப்பா" என்றாள் தாஸ்யா, உயிரில்லாத குரலில்.

ரிம்மா லவோவ்னா மெல்ல நடந்து வந்தார். பையைப் பார்த்தார். ஊக்கைப் பார்த்தார். வெறும் பூட்ஸைப் பார்த்தார். "இது என்ன, புரோகோர் யெலிசாரிச்?"

பொய் சொல்ல அவருக்கு இனித் தெம்பில்லை. முக்காலியிலிருந்து இறங்கினார். பை தொட்டியில் விழுந்து வெடித்தது.

"தப்பு என்மேலதாங்க. பொண்ணு மேல கோவப்படாதீங்க, அவ தொடாதேன்னுதான் சொன்னா. சத்தம் கேட்டுது. கை தானாப் போயிடுச்சு. மூடிட்டேன்."

"மூடினீங்களா? நீங்களாவா?"

"நானாத்தான்."

"யாரும் சொல்லாம?"

"யார் சொல்லணும்? சொட்டுச்சு, மூடினேன். ஆனா உடனே திறந்துட்டேங்க, சத்தியமா. திரும்பச் சொட்ட வைக்கத்தான் இவ்வளவு பாடுபட்டேன்." பாக்கெட்டிலிருந்து பித்தளைக் கைப்பிடியை எடுத்து, திருட்டுப் பொருளைப் போலீஸிடம் ஒப்படைக்கிறவர் மாதிரி நீட்டினார்.

ரிம்மா லவோவ்னா கைப்பிடியை வாங்கவில்லை. முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கிளேப் "அம்மா, அம்மா" என்று பதறினான். கேமராக்காரர் எதற்கும் இருக்கட்டுமென்று படமெடுக்க ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்தது என்று புரோகோர் யெலிசாரிச்சுக்குத் தெரிந்துபோயிற்று. மகளை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. வாசலுக்கு நடந்தார். அங்கே ஃபாயினா மகாரொவ்னா கண்ணை நன்றாகத் திறந்து, நிதானமாகப் பின்னிக்கொண்டிருந்தார்.

"நீங்க முழிச்சுத்தான் இருந்தீங்களா? ஒரு வார்த்தை தடுத்திருக்கக் கூடாதா, அம்மா?"

"எப்படித் தடுக்கறது, தம்பி? யாராவது குழாய்கிட்டப் போனா நான் கண்ணை மூடிக்கணும்னு உத்தரவு. தொண்ணூத்தி நாலு நாள்ல எனக்கு இன்னிக்குத்தான் கண்ணை மூடற வேலை வந்துது. மத்தவங்க எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அந்த அட்டையில அப்படி என்னதான் எழுதியிருக்கு?"

ஃபாயினா மகாரொவ்னா திரும்பிப் பார்க்காமலே, அடுத்த கண்ணியைப் பின்னிக்கொண்டே சொன்னார்:

"'யாராவது ஒருத்தர் வந்து இந்தக் குழாயை மூடுங்களேன்.'"