கதவு எண் 14/அ, செங்கல்பட்டு ரோடு நெடுக

கோவளம் குப்பத்தில் தேசப்பனுக்கு ஒரு வீடு இருந்தது. வீடு என்று நாம்தான் சொல்கிறோம். அரசாங்கம் அப்படிச் சொல்லவில்லை. சவுக்குக் கழி, மூங்கில் பத்தை, தென்னங்கீற்று ஆகியவற்றால் ஆன ஒன்றை வீடென்று கருத இயலாது என்று ஒவ்வொரு மனுவுக்கும் மரியாதையாகப் பதில் வந்தது. வீடு இல்லாததால் கதவு எண் இல்லை. கதவு எண் இல்லாததால் ரேஷன் கார்டு இல்லை. நாளைக்கே யாராவது ஜீப்பில் வந்து எழுந்திரு என்றால் எழுந்து போகவேண்டியதுதான். அவன் மனைவி சொர்ணம் இதைத் தினமும் பல் விளக்கும்போதே நினைவூட்டுவாள்.

"லாரிக்கு நம்பர் கீது, பஸ்ஸுக்கு நம்பர் கீது. என் வூட்டுக்கு மட்டும் இல்ல. நீயும் ஒரு ஆம்பள!"

தேசப்பனிடம் ஒரு பழைய பிக்கப் வண்டியும் இருந்தது. பின்பக்கம் மொட்டை. கோவளத்தில் ஏற்றுகிற மீன் செங்கல்பட்டு மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் பாதி கருவாடாகிவிடும். மீதியைக் காக்கை பார்த்துக்கொள்ளும். ஆகவே அந்த வருஷம் வீட்டுக்குக் கூரை மாற்றியபோது மிச்சம் விழுந்ததை வைத்து, வண்டிக்கும் ஒரு மூடி கட்டிவிடத் தீர்மானித்தான். சொர்ணத்தின் தம்பி தணிகைவேல் கூடமாட நின்றான். நாலு மூலையிலும் சவுக்குக் கழி நிறுத்தி, மூங்கில் பத்தையை வளைத்துக் கட்டி, கீற்று வேய்ந்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே பழைய வலையைப் போட்டு இறுக்கினார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மறுநாள் சொர்ணம் மீன் கூடைகளோடு நிழலில் உட்கார்ந்து ராணி மாதிரி புறப்பட்டாள்.

செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் அதிகாரி நரசிம்மன் கை காட்டி நிறுத்தினார். அவர் எந்த இலாகா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஜீப் இருந்தது, பின்னால் ஒரு சேவகன் இருந்தான், ஆகவே அதிகாரி. அந்த வருஷத்து மோஸ்தர்ப்படி காதை மூடிய முடி, பாதத்தை மூடிய பெல்பாட்டம். அவர் நடந்த இடம் பெருக்கினாற்போல ஆகிவிடும்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கூரை இருக்கிறது."

"கீது சார்."

"நாலு கால் இருக்கிறது. உள்ளே இருப்பது யார்?"

"எம் பொஞ்சாதி சார்."

"காலையில் எங்கே சாப்பிட்டார்?"

"இங்கயேதான் நாஸ்தா துன்னேன், அதுக்கின்னா இப்போ?" என்றாள் சொர்ணம்.

நரசிம்மன் பெருமூச்சு விட்டார். "கூரை, கால், மனைவி, நாஸ்தா. இதற்குச் சட்டத்தில் ஒரே பெயர்தான். வீடு! கதவு எண் இல்லாத வீட்டைப் பொதுச் சாலையில் ஓட்டி வந்திருக்கிறாய். எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா?"

"கதவே இல்லியே சார்?"

"பின்பலகை திறந்து மூடுகிறதல்லவா? அதுதான் கதவு."

சேவகன் கறுப்புப் பெயிண்டால் பின்பலகையில் 14/அ என்று எழுதினான். தெருப் பெயர் கேட்டபோது அதிகாரியே சற்றுத் திணறினார். வீடு ஓர் இடத்தில் நிற்பதில்லை. யோசித்து, "செங்கல்பட்டு ரோடு நெடுக" என்று பதியச் சொன்னார். அந்த விலாசத்துக்கு ரேஷன் கார்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. தபால்காரர் பாவம், திருப்போரூர் வரை சைக்கிளில் துரத்திக்கொண்டு போய்த்தான் கொடுத்தார்.

சொர்ணம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மீனு வூட்டுல கீது. நாம தெருவுல கீறோம்."

குப்பத்தில் அன்று பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதே கழி, அதே பத்தை, ஒரே மரத்துக் கீற்று. வண்டி வீடு, குடிசை வீடில்லை. வித்தியாசம் எங்கே? தணிகைவேல்தான் கண்டுபிடித்தான்.

"மாமா, அதுக்கு டயரு கீது!"

அவ்வளவுதான். மாமல்லபுரம் ரோட்டு லாரி பட்டறையில் கிடந்த தேய்ந்த டயர்களெல்லாம் குப்பத்துக்கு வந்தன. ஒவ்வொரு குடிசையின் நாலு மூலையிலும் நாலு டயர், பாதி மணலில் புதைத்து நட்டாகிவிட்டது. அது ஒரு நாகரிகமாகவே ஆகிப்போனது. வெள்ளை வளையம் தீட்டிய டயர் இல்லாத வீட்டில் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து கதவு எண் கேட்டு மனுப் போட்டார்கள்.

நரசிம்மன் நேரில் வந்தார். பெல்பாட்டத்தில் மணல் நிரம்ப, தேசப்பன் வீட்டெதிரில் நின்றார்.

"இது என்ன?"

"வூடு சார்," என்றான் தேசப்பன். "டயரு பாருங்க."

"கூரை, சக்கரம், உள்ளே ஆட்கள். இது வாகனம்! முன்விளக்கு எங்கே? ஹாரன் எங்கே?"

"அன்னிக்கு வண்டிய வூடுன்னு சொன்னீங்களே சார்!"

"அது ஓடியது. வீடு ஓடினால் தடுப்பது என் கடமை. இது நிற்கிறது. வாகனம் இப்படி நின்றால் அகற்றுவது என் கடமை. பொழுது சாய்வதற்குள் அத்தனை வண்டியையும் ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும்."

தேசப்பன், நம்பர் கேட்கப்போய் இருந்த இடமும் போயிற்றே என்று தலையில் கை வைத்துக்கொண்டான். சொர்ணம் ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்து டயருக்கு முட்டுக் கொடுத்தாள். பூவரசங் கிளையை ஒடித்து வீட்டுக்குப் பின்னால் மணலில் நட்டாள். ரோட்டில் லாரி படுத்துவிட்டால் டிரைவர்கள் செய்வதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

"பிரேக் டவுன் சார்."

"எல்லாமேவா?"

"எல்லாந்தான். பார்ட்ஸு வரணும்."

அதிகாரி திகைத்தார். கல் இருந்தது, கிளை இருந்தது. முறை தவறவில்லை. "பழுதடைந்த வாகனங்கள், பழுது நீங்கும்வரை அதே இடத்தில் நிற்க அனுமதிக்கப்படுகின்றன" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அந்தக் குப்பம் அங்கே இருக்கலாம் என்று அரசாங்கம் கொடுத்த முதல் காகிதம் அதுதான். சொர்ணம் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

ஆனால் அரசாங்கம் சும்மா இருக்குமா? இத்தனை வாகனங்கள் பழுதாகிக் கிடக்கலாமா? மறுவருஷம் சாலமோன் என்று ஒரு மெக்கானிக்கை நியமித்து, பெட்டி படுக்கையோடு அனுப்பிவைத்தது. குப்பமே நடுங்கிவிட்டது. ரிப்பேர் ஆகிவிட்டால் கிளம்பவேண்டுமே!

சொர்ணம் வஞ்சிரக் குழம்பு வைத்து அழைத்தாள். "இன்னா அண்ணாத்த, எப்ப வேல ஆரம்பிக்கப் போற?"

சாலமோன் குழம்பை வழித்துவிட்டு நிதானமாக ஏப்பம் விட்டார். "நான் கவர்மெண்டு ஆளும்மா. என்னியப் பாத்து இன்னா வார்த்த கேக்கற?"

சொர்ணத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

இப்போது குப்பத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது மட்டும் எல்லாரும் சேர்ந்து ஒரே வேண்டுதல் வைக்கிறார்கள்: தாயே, சாலமோனை மாற்றிவிட்டு, வேலை செய்கிறவன் எவனையும் அனுப்பிவிடாதே.