கம்ப்யூட்டர் செத்த வீடு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சாகடித்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானித்தேன். அதற்கு நோய்நொடி ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பிரச்சினை.

நீங்கள் நியாயஸ்தர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். என் பெயர் ஒபிரி. குமாசி நகரத்தில் கோகோ கொள்முதல் கிடங்கில் மூட்டை எடை பார்க்கிற உத்தியோகம். என் மனைவி அம்போமாவுக்குக் கெஜெட்டியா சந்தையில் துக்கத் துணிக் கடை. கறுப்பும் சிவப்பும் மட்டும்தான் விற்பாள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வராமல் இருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள், சாவுக்கு வராமல் இருந்தால் மன்னிக்கமாட்டார்கள். அதனால் அவள் கடையில் எப்போதும் கூட்டம். என் கிடங்கில் எலிகள்.

அவளுடைய அண்ணன் சார்ப்போங் ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் இருக்கிறார். பழைய சாமான்களைப் பெரிய இரும்புப் பெட்டியில் ஏற்றிக் கப்பலில் ஊருக்கு அனுப்புவது அவர் தொழில். எங்கள் கம்ப்யூட்டரும் அப்படி வந்ததுதான். அங்கே ஏதோ ஆபீஸில் ரிட்டயர் ஆகி, எங்கள் கூடத்தில் வந்து மறுபடியும் வேலைக்குச் சேர்ந்தது. அந்த மச்சான் போன் பண்ணினார். அடுத்த பெட்டியில் ஒரு மூலை காலியாக இருக்கிறதாம், ஒரே ஒரு சாமானுக்கு இடம் உண்டாம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"புதுக் கம்ப்யூட்டர்" என்றேன் நான். அதே மூச்சில் அம்போமா "டீப் ஃப்ரீசர்" என்றாள்.

சாவுக்குத் துணி எடுக்க வருகிறவர்களுக்குத் தொண்டை காய்கிறதாம். புளிச்சைப்பூ சர்பத்தை, சோபோலோவை, ஜில்லென்று கொடுத்தால் கடை இரண்டு மடங்காகும் என்பது அவள் கணக்கு. எனக்கு எதற்குப் புதுக் கம்ப்யூட்டர்? கால்பந்து பார்க்கத்தான். பந்து எது, கோல்கீப்பரின் மொட்டைத் தலை எது என்று தெரிகிற மாதிரி ஒரு திரை வேண்டும். மனைவியிடம் அதைச் சொல்ல முடியுமா? அறிவு வளர்ச்சிக்கு என்று சொன்னேன். இருக்கிற கம்ப்யூட்டரில் அறிவு ஏன் வளரவில்லை என்று கேட்டாள். மச்சான் நடுவில் புகுந்து, பெட்டியை மூடுவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று போனை வைத்துவிட்டார்.

பழையது ஓடுகிறவரைக்கும் புதியது வராது. இதுதான் நிலைமை.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. விண்டோஸ் பத்தின் காலம் முடிந்தது, இனி பாதுகாப்புக்கு எதுவும் வராது, பதினொன்றுக்கு மாறிக்கொள் என்றது. உன் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி உண்டா என்று பரிசோதிக்க ஒரு பொத்தானும் இருந்தது. அமுக்கினேன். இல்லை என்று பதில் வந்தது. பிராசஸர் பழசு, பாதுகாப்புச் சில்லும் கிடையாது. என் வாழ்க்கையில் 'இல்லை' என்ற வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதே இல்லை.

உடனே ஃபுசெய்னியிடம் போனேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். கழுத்தில் சங்கிலி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வாயில் ஓயாத பேச்சு. கவலையே படாதீங்க பாஸ், நாலு வழி இருக்கு என்று ஆரம்பித்தான். பதிவு செய்துகொண்டால் விண்டோஸ் பத்துக்கே ஒரு வருஷம் ஆயுள் நீட்டிப்புக் கிடைக்குமாம். இல்லையென்றால் பரிசோதனையை ஏமாற்றிப் பதினொன்றை உள்ளே தள்ளலாமாம், ஆனால் அது எப்போது உதைக்கும் என்று சொல்ல முடியாதாம். மூன்றாவது, விண்டோஸையே எடுத்துவிட்டு லினக்ஸ் மிண்ட் போடுவது. அது இலவசம். கிழட்டு மெஷினுக்கென்றே பெற்ற பிள்ளை. கூட எஸ்எஸ்டி என்று ஒரு வேகமான டிஸ்க்கை மாட்டிவிட்டால் குதிரை மாதிரி ஓடும் என்றான். நாலாவதுதான் புதுசு.

"ஃபுசெய்னி, முதல் மூணு வழியும் உனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியுமே பாஸ். இப்பதானே சொன்னேன்."

"தெரியாது. ஒரு தட்டு ஜொல்லோஃப் சோறு, கூட ஒரு கோழிக்கால்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். "என்ன வழி பாஸ்? நான் எதுவும் கேள்விப்பட்டதே இல்லையே" என்றான். புத்திசாலிப் பையன்.

வீட்டுக்கு வந்தேன். ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடிக்கிற நேரம். எங்கள் வீட்டில் நான் உலக்கை போடுவேன், உரலுக்குள் கையை விட்டு அவள் மாவைப் புரட்டுவாள். உலக்கைக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான் இருக்கும். பொய் சொல்ல ஏற்ற இடம் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"அம்போமா, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு."

அவள் கை நிற்கவில்லை. "ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. சாவு. ஃபுசெய்னியே பாத்துச் சொல்லிட்டான்."

"மயக்கமா இருக்கப்போவுது."

"மயக்கம் இல்ல. மூச்சே நின்னுபோச்சு."

"செத்தது செத்ததுதானே எஜமானே? நாளைக்கு மாத்திப் பேச மாட்டீங்களே?"

என் வாயில் நாக்கு ஒன்றுதான் என்று மார்பைத் தட்டினேன். அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கடைத் துணி மூட்டையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்துத் தலையில் கட்டிக்கொண்டாள். பிறகு தன் தாய்மாமனுக்குப் போன் போட்டாள். அழுகிற குரலில், துக்கச் செய்தி மாமா என்றாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தாய் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். சொத்தும் அப்படியே. அம்போமாவின் குடும்பத்துக்குத் தலைவர் அந்தத் தாய்மாமன்தான், நிமாக்கோ மாமா. சார்ப்போங் அனுப்பிய கம்ப்யூட்டர் எங்கள் கூடத்தில் இருந்தாலும் குடும்பம் என்று பார்த்தால் அவர்களுடையது. அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தலைவர் வந்து எப்படிச் செத்தது என்று விசாரிக்காமல் எதுவும் நடக்காது. ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்காகக் கிளம்பி வருவார் என்று எந்தப் புருஷன் எதிர்பார்ப்பான்?

மறுநாள் காலையில் வந்துவிட்டார். கூட இரண்டு பெரியவர்கள். மூன்று பேரும் கறுப்புத் துணியைத் தோளில் போட்டிருந்தார்கள். முறைப்படி தண்ணீர் கொடுத்தேன். முறைப்படி குடித்தார்கள். மாமா கைத்தடியைத் தரையில் ஊன்றினார்.

"எங்க வீட்டுப் பொண்ண ஒங்கிட்ட நல்லபடியா ஒப்படைச்சோம் மாப்ளே. எப்படிச் செத்தா?"

"பொண்ணா மாமா?"

அதற்கு அம்போமா பதில் சொன்னாள். "பின்ன? வேலை விட்டு வந்தா அவ முன்னாடிதான் உக்காருவாரு மாமா. என் மூஞ்சியப் பாத்ததவிட அவ மூஞ்சியப் பாத்ததுதான் ஜாஸ்தி."

புது விண்டோஸ் அவளை ஏற்றுக்கொள்ளவில்லை, வயதாகிவிட்டது என்று விளக்கினேன். மாமா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எனக்கும்தான் வயசாச்சு. புதுச் சட்டை எனக்குச் சேரலேன்னா பழைய சட்டையப் போட்டுக்கறேன். அதுக்காக என்னப் பொதைச்சிருவியா?"

பெரியவர்கள் இருவரும் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். கொலை என்று சந்தேகம் வந்துவிட்டது. அவள் சாகவில்லை, சும்மா சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தப்பித்திருப்பேன். ஆனால் ஃப்ரீசர் வந்துவிடும். கால்பந்து போய்விடும். பூமித்தாய் மேல் ஆணையாக இயற்கைச் சாவுதான் என்று சத்தியம் பண்ணினேன். சமையலறை வாசலில் அம்போமா தோள் குலுங்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் அது அழுகை மாதிரித் தெரியவில்லை.

பெரியவர்கள் வயரைப் பிடுங்கினார்கள். பெட்டி, திரை, கீபோர்டு எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். பிணம் தாய் வீட்டுக்குத்தான் போகவேண்டுமாம். திரையை ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, டாக்ஸி புறப்பட்டது. யார் போய்விட்டது என்று தெருவே கேட்டது. ரொம்ப வருஷமா எங்ககூட இருந்தவ என்று அம்போமா மூக்கைச் சிந்தினாள்.

சனிக்கிழமை மாமா வீட்டு வாசலில் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒலிபெருக்கி. சுவரில் ஆள் உயரத்துக்குச் சாவுப் போஸ்டர், நடுவில் பூ வளையத்துக்குள் எங்கள் கம்ப்யூட்டர். கீழே துயரத்தில் வாடுவோர் என்று போட்டு, பிரிண்டர் மூத்த மகள், மவுஸ் கடைக்குட்டி என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே என் படம். துணையை இழந்தவர். என் கிடங்கு ஆட்கள் கறுப்புச் சட்டையில் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். மேனேஜர் என் தோளைத் தட்டி, மனசைத் தேத்திக்கோ, கடவுள் இன்னும் பெரிய மெமரியோட ஒண்ணக் கொடுப்பார் என்றார். அத்தனை பேரும் துணி எடுத்த கடை எது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கூட்டத்தில் ஒரு ஓரமாக ஒதுங்கி மச்சானுக்குப் போன் போட்டேன். பெட்டியை எப்போது மூடுகிறீர்கள், நல்ல பெரிய திரையாகப் பார்த்து வையுங்கள் என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"மாமா எல்லாம் சொன்னாரு மாப்ளே. துணை செத்து வருஷம் திரும்பல. அதுக்குள்ள இன்னொருத்திய வீட்டுக்குள்ள அனுப்பி வச்சா ஊரு என் மூஞ்சில துப்பாதா? மூலை வீணாப் போவ வேணாம்னு ஃப்ரீசர ஏத்திட்டேன். மனசத் தளரவிடாதீங்க."

ஓடிப்போய் மாமாவின் காலைப் பிடித்தேன். அவள் சாகவில்லை மாமா, நாலு வழி இருக்கிறது, மூன்று வழியை நான்தான் மறைத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஒலிபெருக்கி நின்றது. கூட்டம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அம்போமா என்னைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "நாக்கு ஒண்ணுதான்னீங்களே எஜமானே" என்றாள்.

ஃப்ரீசர் வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்து உறுமியது. பாட்டில் பாட்டிலாகச் சந்தைக்குச் சோபோலோ போயிற்று. நான் கறுப்புச் சட்டையோடு கிடங்குக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் முக்கியமான ஆட்டம். பக்கத்து வீட்டு டீவியில் பார்க்கலாம் என்று போனேன். துக்கம் காக்கிறவர் ஆட்டம் பார்க்கலாமா என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மனசு கேட்காமல் அம்போமாவின் கடைக்கு நடந்தேன். கடைக்கு முன்னால் ஒரே கூட்டம். சந்தைப் பெண்கள் கையில் சர்பத்தோடு உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் நிமாக்கோ மாமா. எதிரே, துணி அடுக்குக்கு மேலே, எங்கள் கம்ப்யூட்டர். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஃபுசெய்னி கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்தான். "கோவிச்சுக்காதீங்க பாஸ். நீங்க வர்றதுக்கு முன்னாடியே அக்கா வந்து நாலு வழியும் கேட்டுட்டுப் போயிட்டாங்க. மிண்ட் போடச் சொல்லி ரெண்டு தட்டுச் சோறு."

"ரெண்டு தட்டா?"

"கோழியும் முழுசு பாஸ்."

நான் அம்போமாவிடம் திரும்பினேன். இது செத்துப்போனது இல்லையா என்று கேட்டேன். அவள் நிதானமாக ஒரு கிளாஸைத் துடைத்தாள். செத்தவர்கள் அதே தாய் குடும்பத்தில் மறுபடி பிறப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்றாள். விண்டோஸாக என் வீட்டில் செத்தவள் மிண்ட்டாக அவர்கள் வீட்டில் பிறந்திருக்கிறாளாம். அப்படியானால் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று மவுஸை நோக்கிக் கையை நீட்டினேன். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டினார்கள். போன ஜன்மத்துப் புருஷன் இந்த ஜன்மத்துக் குழந்தையைத் தொடுவதா?

என் முகத்தைப் பார்த்து மாமாவுக்கே மனசு இளகிவிட்டது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பழைய வழக்கம் ஒன்று உண்டாம். அது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியுமாம். துணையை இழந்தவனைக் குடும்பம் அம்போவென்று விட்டுவிடாதாம். செத்தவளுக்குப் பதிலாக அதே குடும்பத்திலிருந்து இன்னொருத்தியைக் கொடுக்குமாம். வீட்டில் கொண்டுபோய் வைத்தாயிற்று, போய்ப் பார் என்றார். அழுதுவிட்டேன். பெரியவர்கள் பெரியவர்கள்தான். கோல் விழுந்த சத்தம் கேட்டும் திரும்பாமல் வீட்டுக்கு ஓடினேன். அம்போமாவும் கடையைப் பெண்களிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

ஃப்ரீசர் மேலே, வெள்ளைத் துணிக்குள், கனமாக ஏதோ இருந்தது. துணியை விலக்கினேன்.

டைப்ரைட்டர்.

அம்போமா அதன் மேல் இருந்த தூசியைத் தன் முந்தித் துணியால் பாசமாகத் துடைத்துவிட்டாள்.

"இவளுக்கு எந்த விண்டோஸும் தேவையில்ல எஜமானே. புதுசு வந்திருக்குன்னு சொல்லி இவள உங்களால சாகடிக்க முடியாது."