அசனத்தில் ஒரு முகமூடி

இந்த வருஷ அசனத்தில் ஆட்டுக்கறி தின்றே தீருவது என்று ஜான்ரோஸ் முடிவெடுத்துவிட்டார். மனைவி ராகேலைக் கேட்காமல் அவர் ஒரு முடிவெடுப்பது கல்யாணத்துக்குப் பிறகு இது இரண்டாவது தடவை.

ராகேல் வெறும் மனைவி அல்ல. அவருக்குக் கிட்னி கொடுத்தவள். புதுக் கிட்னியை உடம்பு விரட்டிவிடாமலிருக்க அவர் மாத்திரை தின்கிறார். அந்த மாத்திரையோ கிருமியை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்துப் படுக்கவைத்துவிடும். அதனால் அப்போதே கொதிக்கக் கொதிக்க இறக்காத எதுவும் அவர் வாய்க்குப் போகக்கூடாது. முதல் தடவை கருங்கல் ஊர்ச் சந்தையில் திருட்டுத்தனமாகத் தின்ற தேங்காய்ச் சட்னி அவரை ஆஸ்பத்திரியில் கிடத்தியது. கட்டிலருகே இருந்த ராகேல் திட்டவே இல்லை. அதுதான் அவரை நடுங்கவைத்தது.

ஆனால் அசனம் என்றால் சும்மாவா? வருஷத்துக்கு ஒருநாள், சபையே கூடி ஆலய முற்றத்தில் அண்டா அண்டாவாகச் சமைத்துப் போடும் விருந்து.

"ஏட்டி, எனக்குத் தலை வலிக்கு. நீ போயிட்டு வா."

"சரி, படுங்க," என்று அவள் உடனே கிளம்பினாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மூன்றாவது பந்தியில், தொப்பியும் ஆஸ்பத்திரியில் கொடுத்த முகமூடியுமாகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று நினைப்பு. பக்கத்து வீட்டு டெல்வின் கறி வாளியோடு வந்தான். அவர் இலையைத் தாண்டிப் போனான்.

"ஏலே மக்கா, இங்க ஒரு இலை கிடக்குல்லா."

"கிடக்கு மாமா. முகமூடி போட்ட ஆளுக்கு விளம்பக்கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காவ."

"அது நான்தான்னு எப்படிலே தெரியும்?"

"இந்தப் பந்தல்ல வேற யாரு மாமா முகமூடி போட்டிருக்கா?"

சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் வாயைத் திறந்து தின்றுகொண்டிருந்தார்கள். வாளி விளிம்பில் கொழுப்பு உறைந்திருந்தது. காலையில் இறக்கிய கறி. ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்ததும், இலை காலியாக இருப்பதே நல்லது என்று பட்டது.

அப்போது ராகேல் வந்தாள். கையில் ஆவி பறக்கும் தூக்குவாளி, வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவந்த தட்டு.

"இலையை மடக்குங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு சின்ன சருவத்துல கறி வைக்கச் சொன்னேன். இப்பதான் கொதிக்கக் கொதிக்க இறக்குனது."

ஜான்ரோஸுக்கு அழுகையே வந்துவிட்டது. கறிக்காக மட்டும் அல்ல.

"நான் வருவேன்னு உனக்கு யாருட்டி சொன்னது?"

ராகேல் நிதானமாகச் சோறு போட்டாள்.

"என் கிட்னியைத் தூக்கிட்டு அலையுதீங்க. அது எனக்குத் தெரியாம எங்க போவும்?"